சுக்கான் சொன்னபடி கேட்கவில்லையா? மரச் சுக்கானில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான். ஆனால் எங்கள் பாக் நீரிணைக் கரையில் பாய் வள்ளம் வைத்திருப்பவர்களும் அந்த வெயிலில்தான் படகைக் கரையேற்றிச் சுரண்டி எண்ணெய் பூசுவார்கள். சுக்கானைக் கழற்றிக் குடிசைச் சுவரில் சாத்திவைப்பார்கள். அது இரண்டு மாதம் அங்கேயே வெயிலில் நிற்கும். ஜூன் மூன்றாம் வாரத்தில் வரிசையாக வருவார்கள். "அண்ணே, சுக்கான் மாட்டவே மாட்டேங்குது." "தம்பி, பலகை பிளந்துபோச்சு, வந்து பாரேன்."

வருஷா வருஷம் இதே கதைதான். அதனால் என்ன கோளாறு தெரிகிறதோ அதை வைத்தே எழுதிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு கடைசியில். 18 முதல் 25 அடி வரையுள்ள வள்ளத்தில், பின்பலகைக்கு வெளியே தொங்கும் மரச் சுக்கானுக்கு இது பொருந்தும். படகின் அடி வழியாக இரும்புத் தண்டு இறங்கும் விசைப்படகுச் சுக்கான் வேறு கதை. அதில் தண்டு நுழையும் இடத்தில் நீர் கசிந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், நேராகப் படகு கட்டும் தளத்துக்குக் கொண்டுபோங்கள்.

பாகங்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். தண்ணீருக்குள் இருக்கும் அகலப் பலகையைத் தட்டு என்கிறேன், மேல் பகுதியைத் தலை என்கிறேன், கையில் பிடிப்பது பிடி. படகில் அடித்திருப்பது வளையம், சுக்கானில் அடித்திருப்பது அதற்குள் இறங்கும் ஊசி. (சுக்கான் என்ற சொல்லே அரபியிலிருந்து கடல் வழியாக வந்ததுதான்.)

பிடி கனக்கிறது, கை வலிக்கிறது

முதலில் ஒரே ஒரு சோதனை. பாயை இறக்கிவிட்டு, துடுப்புப் போட்டோ இன்னொரு படகு இழுத்தோ போங்கள். இப்போது பிடி லேசாக இருக்கிறதா?

லேசாக இருந்தால் சுக்கானில் குற்றமில்லை. பாய் படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் தள்ளுகிறது, நீங்கள் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாய்மரத்தின் சாய்வையும் உள்ளே சரக்கு வைத்த இடத்தையும் மாற்றிப் பாருங்கள். எத்தனையோ பேர் இது தெரியாமல் நல்ல சுக்கானை இழைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

பாய் இல்லாமலும் கனத்தால் இந்த வரிசையில் பாருங்கள். தட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவில் வலைத்துண்டு, நரம்புக்கயிறு, பாசி சிக்கியிருக்கலாம். ஊசியில் துரு ஏறியிருக்கலாம். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவுங்கள். மேலே தூக்கும் வகைத் தட்டு என்றால் அது முழுவதும் இறங்கியிருக்கிறதா பாருங்கள். எங்கள் கரையில் ஆழம் குறைவு, தரை தட்டாமலிருக்கத் தட்டைப் பாதி தூக்கிவைத்து ஓட்டுவது வழக்கம். பாதி தூக்கிய தட்டு பின்னால் நீண்டு கிடக்கும், அந்த நீளம்தான் உங்கள் தோளில் ஏறுகிறது. ஆழத்துக்கு வந்ததும் முழுக்க இறக்கிக் கட்டுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனக்கிறதென்றால் வளையங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. சுக்கானைக் கழற்றிவிட்டு, ஒரு நேரான இரும்புக் கம்பியை மேல் வளையத்தில் விட்டுக் கீழ் வளையம் வரை இறக்குங்கள். தட்டாமல் இறங்கி, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மூன்று வளையம் இருந்தால் அநேகமாக நடுவளையம்தான் குற்றவாளி. அதைக் கழற்றிப் பின்னால் மெல்லிய தகடோ மரச்சீவலோ கொடுத்து மாட்டுங்கள். வளையமே வளைந்திருந்தால் லேத் பட்டறைதான். சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் அன்றைக்கு நிமிரும், ஆனால் அடுத்த அலையில் விரிசல் விடும்.

பிடியைத் திருப்பினாலும் படகு தாமதமாகத் திரும்புகிறது

பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டின் அடியை இன்னொரு ஆளை விட்டு ஆட்டச் சொல்லுங்கள். எங்கே சத்தம் வருகிறதோ அங்கேதான் தளர்வு. பிடி தலைக்குள் நுழையும் துளையில் ஆடினால் ஒரு மர ஆப்பு போதும். ஊசி வளையத்துக்குள் ஆடினால், வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். உள்ளே கெட்டியான நைலான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் ஒரு பருவம் ஓடும். ஊசி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எதுவும் ஆடவில்லை, ஆனாலும் படகு கேட்கவில்லை என்றால் தட்டு போதாது, அல்லது நீருக்கு மேல் நிற்கிறது. பின்பாரம் குறைந்து படகு மூக்கடித்துப் போனாலும் இதே கோளாறு தெரியும். அதை முதலில் சரிபாருங்கள்.

தட்டு விர்ரென்று அதிர்கிறது

பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மொத்தையாக, உருண்டையாக இருந்தால் நீர் அங்கே சுழித்து ரீங்காரம் போடும். முன் ஓரம் உருண்டையாக இருக்கலாம். பின் ஓரம் மட்டும் இரண்டு பக்கமும் சரிந்துவந்து சுமார் 3 மில்லிமீட்டரில் சதுரமாக முடிய வேண்டும். கத்தி மாதிரி கூராக்கினால் கல்லில் பட்டவுடன் பிய்ந்துவிடும். இழைப்புளி இருந்தால் அரை நாள் வேலை.

படகு ஒரு பக்கமாகவே இழுக்கிறது

பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போங்கள். அநேகமாகத் தட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்.

பலகை வளைந்துவிட்டது

வளைவா முறுக்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டு நேரான சட்டங்களை எடுங்கள். ஒன்றைத் தட்டின் மேல் முனையில் குறுக்காகவும் இன்னொன்றைக் கீழ் முனையில் குறுக்காகவும் வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் சட்டத்தின் மேல் விளிம்பு வழியாகப் பின் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் முறுக்கு.

ஓடு மாதிரி குழிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டோ, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தோ இருப்பார்கள். காய்ந்த பக்கம் சுருங்கி உள்வாங்கும். குழிந்த பக்கத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, நிழலில் மூன்று நாள் வையுங்கள். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அநேகமாகத் திரும்பிவிடும். திரும்பியதும் இரண்டு பக்கமும் ஒரே அளவு எண்ணெயோ பெயின்டோ பூசுங்கள். கல்லை ஏற்றி அழுத்தி நிமிர்த்தும் வேலை வேண்டாம். கல்லை எடுத்ததும் பழைய குணத்துக்குப் போய்விடும்.

முறுக்கு என்றால் சாக்கு வைத்தியம் எடுபடாது. இழை சுற்றிச் சுற்றி வளர்ந்த மரம் அப்படித்தான் திரும்பும். மூன்றடி நீளத்தில் அரை அங்குலத்துக்குள் என்றால் உயர்ந்த மூலைகளை இழைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் தட்டை நெடுக்காக மூன்று நான்கு கீற்றாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப்போட்டு ஒட்ட வேண்டும். அது ஓடாவி (படகு கட்டும் தச்சர்) செய்யும் வேலை. சொந்தமாகச் செய்வதென்றால் பழைய பலகையை விட்டுவிட்டுப் புதிதாகவே செய்யுங்கள், நேரம் மிச்சம்.

வெடிப்பு தெரிகிறது

இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெடிப்பு எங்கே இருக்கிறது?

தட்டின் கீழ் முனையிலோ மேல் முனையிலோ, இழையோடு ஓரிரு அங்குலம் மட்டும் போயிருக்கிறது: இது வெயில் வெடிப்பு. முனை வழியாகத்தான் மரம் வேகமாக ஈரத்தை விடும். முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. கையில் பட்டி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். காய்ந்த வெடிப்பில் கெட்டிப் பட்டியை அடைத்தால், கடலில் இறங்கி மரம் ஊதும்போது அதற்கு இடமில்லாமல் அந்தப் பட்டியே ஆப்பாக மாறி வெடிப்பை நீட்டிவிடும். தலைமுடி கனத்தில் இருந்த வெடிப்பு ஒரு சாண் ஆனதை நானே செய்திருக்கிறேன். அதுவும் மாமாவின் சுக்கானில். "மாப்ளே, மரத்துக்கு மூச்சு விட வழி விடுடா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க அந்தச் சுக்கானைத் தூக்கிவரும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்.

இரண்டு நாள் ஈரச் சாக்கில் வைத்துவிட்டுப் பாருங்கள். மூடிக்கொண்டால் எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சிய கலவையை முனையில் நன்றாக ஊறும்வரை பூசினால் போதும். மூடாவிட்டால் மட்டும், மரம் ஈரப்பதத்தில் இருக்கும்போது மெல்லிய மரக் கீற்றை எபாக்சிப் பசையில் தோய்த்துச் செருகுங்கள்.

பலகைகள் சேரும் இணைப்பு நெடுகத் திறந்திருக்கிறது: பசை போய்விட்டது. ஆணியால் அந்தப் பசையைச் சுரண்டி, சுரண்டியதை வெந்நீரில் போடுங்கள். கொழகொழவென்று வெள்ளையாகிவிட்டால் யாரோ வீட்டு அலமாரிக்குப் போடும் வெள்ளைப் பசையைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலேயே புதுப்பசை ஊற்றிப் பயனில்லை. முழுக்கப் பிரித்து, பழைய பசையை இழைத்து எடுத்துவிட்டு எபாக்சி போட வேண்டும். தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள், அதிலுள்ள எண்ணெய் பசையை ஒட்டவிடாது.

போல்ட் வரிசை வழியாகப் பிளந்திருக்கிறது: இது செய்தவர் விட்ட பிழை. எல்லாப் போல்ட்டையும் ஒரே இழையில் வரிசையாகப் போட்டால் அது கிழிப்பதற்குக் கோடு போட்ட காகிதம் மாதிரி. துளைகளை அடைத்து, ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாற்றிப் போடுங்கள். ஊசி அடித்த பட்டைக்குக் கீழே இந்தப் பிளவு இருந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள். இந்த ஒரு பிளவுதான் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறியும்.

தட்டின் குறுக்கே அடித்த கட்டையின் ஓரத்தில் பிளந்திருக்கிறது: வளையாமலிருக்க அடித்த குறுக்குக்கட்டையே பலகையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. நடு போல்ட்டை இறுக்கமாக வையுங்கள், ஓரத்துத் துளைகளைக் குறுக்குவாட்டில் நீள்துளையாக்குங்கள். பலகை ஊதவும் சுருங்கவும் வழி கிடைக்கும்.

ஆணியைச் சுற்றிக் கறுத்து, மரம் மாவாகிறது

இரும்பும் துவர்ப்புள்ள மரமும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கருவேலத்தில் இது சீக்கிரம் தெரியும். வெறும் கறை என்றால் விடுங்கள். குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நகக்கண் அளவு கூட இறங்காவிட்டால் ஆயுள் இருக்கிறது. எளிதாக அரை அங்குலம் இறங்கினால் அந்த ஆணியைப் பிடுங்கி, நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி, பக்கத்தில் வேறு இடத்தில் போல்ட் போடுங்கள்.

ஒரே சுக்கானில் செம்பு ஆணியும் இரும்புப் பட்டையும் கலந்து போடாதீர்கள். உப்புநீரில் இரும்பைச் செம்பு தின்றுவிடும். பித்தளை பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் நாளாக நாளாக அதிலுள்ள துத்தநாகம் கரைந்து உள்ளே பொடியாகிவிடும். நான் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகுக்கு மாறிவிட்டேன். வாங்க முடியாதென்றால் துத்தநாகம் பூசிய இரும்பை ஒரே இனமாக எல்லா இடத்திலும் போடுங்கள்.

குண்டூசித் துளைகள், தட்டினால் பொத்தென்ற சத்தம்

சுத்தியல் காம்பால் தட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ணங் என்னும், கெட்டது பொத் என்னும். மேலே குண்டூசித் துளை மட்டும் தெரிந்து உள்ளே பொத்தென்றால் கப்பல் புழு. குட்டியாக நுழைந்து உள்ளேயே பெருத்து, சுண்டுவிரல் கன வழிகளாக அறுத்துவைத்திருக்கும். தினமும் மணலுக்கு ஏறும் வள்ளத்தில் இது அபூர்வம், உப்பங்கழி நீரில் கட்டியே கிடக்கும் படகில்தான் வரும். கரையேற்றி நன்றாகக் காயவிட்டால் புழு செத்துவிடும், ஆனால் அறுத்த மரம் திரும்ப வராது. ஓரத்தில் மட்டும் என்றால் அந்தப் பகுதியை அறுத்துப் புது மரம் ஒட்டலாம். ஊசிப் பட்டைக்குப் பக்கம் வந்துவிட்டால் தட்டை மாற்ற வேண்டியதுதான்.

தலைப் பகுதியில், நீருக்கு மேலே, மரம் பஞ்சாக இருந்தால் அது புழு இல்லை, மழைநீர் அழுகல். உப்புநீரைவிட மழைநீர்தான் மரத்துக்கு எமன். பிடித் துளையில் நீர் தேங்கும் இடத்தைப் பாருங்கள்.

இப்படி அரித்ததற்கு மேல் ஃபைபர் சுற்றித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். ஈர மரத்தின் மேல் சுற்றினால் உள்ளே ஈரம் சிறைப்பட்டு, வெளியே பளபளவென்றும் உள்ளே சோறாகவும் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சுக்கான் தானாக மேலே எழும்பிக் கழன்றுவிடுகிறது

மரம் மிதக்கும், அவ்வளவுதான். ஊசியின் அடியில் துளையிட்டு, அது மேலே வராமல் தடுக்கக் குறுக்கே காட்டர் பின் (மடக்கிவிடும் கம்பி ஊசி) போடுங்கள். போதாவிட்டால் தட்டின் கீழ்ப்பகுதியில் ஈயத் துண்டைக் குளிர்ந்த நிலையில் செதுக்கிப் பொருத்துங்கள். உருக்கிய ஈயத்தை நேராகத் துளையில் ஊற்றாதீர்கள். மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி வெடித்து முகத்தில் தெறிக்கும்.

முறிந்தே போய்விட்டது

கடலில் என்றால் துடுப்பைப் பின்பலகையில் கயிறு போட்டுக் கட்டிக் கரைக்கு வாருங்கள். கரைக்கு வந்தபின் முறிந்த இடத்தைப் பாருங்கள். நார் நாராகக் கிழிந்திருந்தால் மரம் நல்லது, அடி பலமாகப் பட்டிருக்கிறது. பிஸ்கட் மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் மரமே கெட்டது, ஒட்டிப் பயனில்லை. புதிது செய்யுங்கள்.

மரவாடிக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். மேலே சொன்ன கோளாறுகளில் முக்கால்வாசி, பலகை வாங்கிய அன்றே வீட்டுக்கு வந்துவிட்டவை.

தேக்கு சுருக்கம் குறைவு, நீரில் நிற்கும், விலைதான் தடை. வேங்கை கனம், பலம், நன்றாக நிற்கும். வேங்கை என்று வேறு எதையாவது தள்ளிவிடுவார்கள், அதனால் ஒரு சீவலைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போடுங்கள். நீர் மஞ்சள் கலந்த பழுப்பாகி, ஓரத்தில் வெளிச்சம் படும்போது நீலம் மினுங்கினால் வேங்கைதான். கேரளப் பக்கத்திலிருந்து வரும் அயனி என் விருப்பம். தேக்கைவிட மலிவு, படகுக்கென்றே பிறந்த மரம். பூவரசு கெட்டியானது, ஆனால் அகலப் பலகை கிடைக்காது, பிடிக்குப் போடலாம். புன்னையும் வேம்பும் முறுக்கும் குணமுள்ளவை, கீற்றாக ஒட்டினால் மட்டும் போடுங்கள். இலுப்பை நீரில் நிற்கும், காயவைக்கும்போது பிளக்கும். மா வேண்டாம். மலிவு என்று ஒருமுறை போட்டேன், இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

எந்த மரமானாலும் வைரம் (நடுவிலுள்ள கெட்டி மரம்) மட்டும். ஓரத்தில் வெளிறிய பட்டை இருந்தால் அதை அறுத்துத் தள்ளிய பிறகுதான் கன அடி கணக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முனையைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பது நல்லது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, வளையக் கோடு படுத்திருக்கும் பலகை அகலத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும், கோடு நிற்கும் பலகை அதில் பாதி அளவுதான். 18 அங்குலத் தட்டில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலமா அரை அங்குலமா என்ற வித்தியாசம். பில் இல்லாமல் தேக்கோ வேங்கையோ வாங்காதீர்கள்.

காய்ந்ததா என்று கடைக்காரரைக் கேட்டால் "நல்லா காஞ்சது சார்" என்பார். ஒரு துண்டு வெட்டி, மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். நிழலில் வைத்து வாரம் ஒருமுறை நிறுங்கள். மூன்று வாரம் எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது. இறங்கிக்கொண்டே போனால் பலகைகளை நடுவில் குச்சி கொடுத்து அடுக்கி, முனைகளில் பெயின்ட் அடித்துக் காத்திருங்கள். அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு, எங்கள் காற்றில் அவ்வளவு ஆகாது, ஆனால் ஒரு கோடையாவது வேண்டும்.

பிளைவுட் போடுவதென்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை மட்டும். ஐஎஸ் 303 முத்திரை உள்ளதை "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லி விற்பார்கள், அது சமையலறைக்கு. வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கை எபாக்சி.

இனி வேலை. தட்டு 18 அங்குல அகலம் என்றால் கனம் 1¾ அங்குலம் போதும். ஒரே அகலப் பலகை வேண்டாம், 4 முதல் 5 அங்குலக் கீற்று நான்கை ஒட்டுங்கள். முனையில் தெரியும் வளைய வளைவு ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி வரட்டும். ஒட்டும்போது கவ்வியை உயிர் போகும் அளவு இறுக்காதீர்கள், எபாக்சி எல்லாம் வெளியேறிவிடும். பழைய தட்டைக் கீழே வைத்துக் கோடு போட்டு அறுங்கள், ஊசி இடத்தை மட்டும் பழைய தட்டிலிருந்து எடுக்காமல் படகின் வளையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். கீழ் ஊசியை மேல் ஊசியைவிட ஒரு விரற்கடை நீளமாக வையுங்கள். ஆடும் படகில் முதலில் கீழ் ஊசியை மாட்டிவிட்டு மேலதைத் தேடலாம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் தண்ணீருக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மாட்டியபின் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். 35 பாகைக்கு மேல் திரும்ப வேண்டியதில்லை, அதற்கு மேல் தட்டு படகைத் திருப்பாது, நிறுத்தத்தான் செய்யும். அந்த இடத்தில் பின்பலகையில் சின்னக் கட்டை ஒன்றைத் தடுப்பாக அடித்துவிடுங்கள். அடுத்த தடைக்காலத்தில் கழற்றினால் சுவரில் சாத்தாமல், நிழலில், இரண்டு கட்டை மேல் படுக்கவைத்து, பழைய சாக்கு ஒன்றைப் போர்த்திவையுங்கள்.